பொத்தானை அழுத்தாதவனுக்கு எதற்கு க்ரோனோகிராஃப்?



நீளமான பதிவு. ஆபீஸில் உட்கார்ந்து படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்தால் போதும். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பறையில் குறுக்குக் கேள்வி வாங்கிப் பழகியவன்தான் நான்.

விஷயம் கைக்கடிகாரம். அதிலும் க்ரோனோகிராஃப்.

சில மாதங்களாக நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் குறைந்து கடிகாரப் படங்கள் கூடிவிட்டன. காபித் தம்ளர் பக்கத்தில் ஒரு க்ரோனோகிராஃப், கார் ஸ்டியரிங் மேல் ஒரு க்ரோனோகிராஃப், கறுப்புத் துணி விரித்து அதன்மேல் மூன்று க்ரோனோகிராஃப். அதுவரை எனக்குச் சந்தோஷம்தான். சூதாட்ட ஆப்பில் பணம் விடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

போன வாரம் வந்த அறிவிப்புதான் என்னை எழுத வைத்தது. "வாட்ச் சீட்டு." 20 பேர், ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய், 20 மாதம். ஒவ்வொரு மாதமும் குலுக்கலில் பெயர் வருகிறவருக்கு 3 லட்சம் ரூபாய்க்கு ஒரு சுவிஸ் க்ரோனோகிராஃப். "பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருங்கள், பிள்ளை காலேஜ் சேரும்போது ஃபீஸ் ரெடி" என்று கீழே ஒரு வரி. ஏழு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் பெர்சனல் லோன் போடப்போகிறார்கள் என்று எனக்கே தெரியும். ஒருவன் என் தங்கை மகன்.

ஆகவே பூசி மெழுகாமல் சொல்கிறேன். இந்தச் சீட்டு தப்பு. அதற்கு அடியில் இருக்கிற எண்ணம் அதைவிடத் தப்பு. பெட்டியைப் பிரிக்காத க்ரோனோகிராஃப், பொத்தானை அழுத்தாத க்ரோனோகிராஃப், படம் எடுக்க மட்டும் வெளியே வருகிற க்ரோனோகிராஃப், இவை மூன்றும் ஏட்டுச் சுரைக்காய். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. அது நகை இல்லை, கருவி

தனி ஊசல் சோதனை நினைவிருக்கிறதா? 20 அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று நிறுத்து கடிகாரத்தில் எடுத்தீர்கள். அந்த நிறுத்து கடிகாரத்தையும் மணி காட்டும் கடிகாரத்தையும் ஒரே கூட்டுக்குள் வைத்தால் அதுதான் க்ரோனோகிராஃப். மேல் பொத்தானை அழுத்தினால் நடு முள் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் சுழியத்துக்கு வரும். இத்தனைக்கும் நடுவில் மணி காட்டும் வேலை நிற்காது.

இதை யாரும் அழகுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. 1816இல் லூயி முவானே என்பவர் விண்மீன்களைக் கவனித்து நேரம் எடுப்பதற்காக ஒன்று செய்தார். அதன் சமநிலைச் சக்கரம் மணிக்கு 2,16,000 தடவை, அதாவது விநாடிக்கு 60 தடவை துடித்தது. 1821இல் பாரிஸில் குதிரைப் பந்தயத்தில் ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்க்க நிக்கோலா ரியூசெக் ஒரு கருவி செய்தார். குதிரை கோட்டைத் தாண்டும்போது பொத்தானை அழுத்தினால் சுழலும் டயல்மேல் ஒரு சொட்டு மை விழும். "காலத்தை எழுதுவது" என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து க்ரோனோகிராஃப் என்ற பெயர் அதற்கு வந்தது. அது நிஜமாகவே எழுதியது.

அடுத்து என்ன சிக்கல் என்று யோசியுங்கள். ஓடி நின்ற முள்ளை மறுபடி சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். முள் 7இல் நிற்கலாம், 43இல் நிற்கலாம். எங்கே நின்றாலும் ஒரே அழுத்தலில் 12க்கு வர வேண்டும். எப்படி? 1844இல் அடோல்ஃப் நிக்கோல் காப்புரிமை வாங்கிய யோசனை இது: முள்ளின் அச்சில் இதய வடிவத்தில் ஒரு தகடு. பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னச் சுத்தியல் அந்தத் தகட்டின் ஓரத்தில் வந்து அழுத்தும். இதயத்தின் சரிவில் வழுக்கிக்கொண்டு தகடு சுழன்று, பள்ளமான இடம் சுத்தியலுக்கு எதிரே வந்ததும் நின்றுவிடும். அந்த இடம்தான் சுழியம். மின்சாரம் இல்லை, கணக்கு இல்லை, வெறும் வடிவம். இன்றைக்கும் இயந்திர க்ரோனோகிராஃப்களில் வேலை செய்வது இந்த இதயம்தான். நீங்கள் 3 லட்சம் கொடுத்து வாங்கி, அழுத்தவே அழுத்தாமல் வைத்திருப்பது இதைத்தான்.

டயல் ஓரத்தில் இருக்கும் எண்களும் அலங்காரம் இல்லை. டேக்கிமீட்டர் என்று போட்டிருந்தால் அது வேகம் பார்க்க. நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லில் அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 36 விநாடி ஆனால் முள் 100க்கு எதிரே நிற்கும். 3600ஐ 36ஆல் வகுத்தது, அவ்வளவுதான். பல்ஸோமீட்டர் என்று போட்டிருந்தால் அது டாக்டர்களுக்கு. 30 துடிப்பு எண்ணி நிறுத்தினால் நிமிடத்துக்கு எத்தனை என்று முள்ளே சொல்லிவிடும். டெலிமீட்டர் என்றால் மின்னலைப் பார்த்ததும் அழுத்தி, இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். இடி விழுந்த தூரம் தெரியும். 3 விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்று ஒலியின் திசைவேகம் நடத்தும்போது சொன்னேனே, அதே கணக்கு.

குழுவில் படம் போடுகிறவர்கள் சிலரிடம் தனியாகக் கேட்டேன். "டேக்கிமீட்டர் எதற்கு?" ஒருவன் "டிசைன் சார்" என்றான். இயற்பியலில் 180 வாங்கிய பையன்.

இந்தக் கடிகாரங்களுக்குப் பெயர் வந்தது எப்படி என்று பாருங்கள். ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் 1957இல் வந்தது. 1965 மார்ச்சில் நாசா சோதித்து விண்வெளி வீரர்களுக்கு ஏற்றது என்று முடிவு செய்தது. 1969இல் நிலவில் இறங்கும்போது கலத்தின் மின்னணுக் கடிகாரம் பழுதாகிவிட்டதால் ஆம்ஸ்ட்ராங் தன் கைக்கடிகாரத்தைக் கலத்துக்குள்ளேயே வைத்துவிட்டு இறங்கினார். ஆல்ட்ரின்தான் கட்டிக்கொண்டு இறங்கினார். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 பழுதாகி, கருவிகளை அணைத்துவிட்டுத் திரும்பும் வழியில், பாதையைத் திருத்த இயந்திரத்தை 14 விநாடி எரிக்க வேண்டியிருந்தது. அந்த 14 விநாடியை ஸ்விகர்ட் அளந்தது கையில் இருந்த க்ரோனோகிராஃபில். 1973 நவம்பரில் ஸ்கைலாப் போன வில்லியம் போக், பயிற்சியில் கட்டிப் பழகிய மஞ்சள் டயல் சீக்கோவையும் அனுமதி கேட்காமல் எடுத்துப் போனார். 84 நாள் அது விண்வெளியில் இருந்தது. இன்றைக்கு அந்த மாடலுக்கே சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் "போக்".

ஆல்ட்ரினோ ஸ்விகர்ட்டோ போக்கோ பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் இந்த மாடல்களை இன்று யார் தேடுவார்கள்?

2. "ஓட்டினால் தேயும் சார்"

குழுவில் அடிக்கடி வரும் வசனம். தேயும்தான். மிதிவண்டியும் தேயும், முழங்காலும் தேயும். ஆனால் ஓட்டாமல் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

உள்ளே எண்ணெய் இருக்கிறது. நீங்கள் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதற்கு வயதாகும், கெட்டியாகும், இடம் மாறும். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் அலமாரியில் இருந்தாலும் இறுகும். உத்தரவாதக் காலம் வாங்கிய தேதியிலிருந்து ஓடும். பெட்டி பிரித்த தேதியிலிருந்து இல்லை. ஆகவே 15 வருடம் பிரிக்காமல் வைத்த க்ரோனோகிராஃப், கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கப்போகும் நாளில் முதலில் கேட்பது சர்வீஸ். சாதாரண மூன்று முள் கடிகாரத்தைவிட இதில் உறுப்புகள் அதிகம், கூலியும் அதிகம். நம் ஊர்ப்பக்கம் ஒரு இயந்திர க்ரோனோகிராஃபை முழுதாகப் பிரித்து மறுபடி கோக்கத் தெரிந்த வாட்ச் ரிப்பேர்காரர்களை விரல் விட்டு எண்ணலாம்.

பயன்படுத்த விதி மிகச் சுருக்கம். முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தக் கூடாது. முதலில் நிறுத்து, பிறகு சுழியத்துக்குக் கொண்டுவா. ஓட்டத்திலேயே சுழியத்துக்கு வரும்படி செய்த "ஃப்ளைபேக்" வகை மட்டும் விலக்கு. தண்ணீருக்குள் பொத்தானைத் தொடாதே. சில வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்று. இதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லை.

3. எல்லாப் படத்திலும் மணி 10:10

இப்போது படங்களுக்கு வருகிறேன். குழுவில் வந்த அத்தனை கடிகாரத்திலும் மணி 10:10. நடு முள் 12இல் செத்துக் கிடக்கிறது. "லிங்கன் இறந்த நேரம் சார், மரியாதைக்காக" என்று ஒருவன் ஃபார்வர்டு போட்டான். லிங்கன் சுடப்பட்டது 1865 ஏப்ரல் 14 இரவு சுமார் 10:15க்கு. இறந்தது மறுநாள் காலை 7:22க்கு. "கென்னடி" என்றான் இன்னொருவன். அவர் சுடப்பட்டது பகல் 12:30க்கு. தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

காரணம் சாதாரணம். 10:10இல் இரண்டு முள்ளும் சமச்சீராக விரிந்து நிற்கும், 12க்குக் கீழே இருக்கும் கம்பெனி பெயர் மறையாது. க்ரோனோகிராஃபில் 3, 6, 9இல் இருக்கும் சின்ன டயல்களும் மறையாது. விளம்பரக்காரர்களின் வசதி அது. கம்பெனி பெயர் தெரிய வேண்டும் என்பது கம்பெனியின் கவலை. அதை நீங்கள் ஏன் சம்பளம் இல்லாமல் சுமக்கிறீர்கள்?

அடுத்தது ஃபில்டர். லென்ஸ் முன்னால் தளவிளைவு வடிகட்டி, நீங்கள் சிபிஎல் என்கிறீர்களே அது, போட்டால் கண்ணாடி மினுமினுப்பு போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். பாதிதான் சரி. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் இருக்கும்போதுதான் முழுமையாகத் தளவிளைவு அடைகிறது. புரூஸ்டர் விதி, பிளஸ் டூ. கடிகாரத்துக்கு நேர் எதிரே கேமராவை வைத்து எடுத்தால் அந்த வடிகட்டியால் பயன் இல்லை. உலோகப் பளபளப்பையும் அது போக்காது. ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டினால் கிடைக்கும் பரவிய வெளிச்சம், லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட ஒரு கறுப்பு அட்டை, ஒரு முக்காலி. செலவு 50 ரூபாய், முக்காலி இருந்தால்.

படம் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. நன்றாக எடுங்கள் என்கிறேன். ஒரு யோசனை சொல்கிறேன். இரவில் அறை விளக்கை மங்கலாக்கி, கேமராவை முக்காலியில் பூட்டி, க்ரோனோகிராஃபை ஓடவிட்டு 30 விநாடி திறந்து வைத்து ஒரு படம் எடுங்கள். நடு முள் டயலில் பாதி வட்டத்துக்கு விசிறி போல விரிந்து விழும். மணிக்கு 18,000 துடிப்புள்ள பழைய கடிகாரமானால் அந்த விசிறிக்குள் 150 அடி இருக்கிறது. ரியூசெக் மையால் எழுதியதை நீங்கள் வெளிச்சத்தால் எழுதியிருப்பீர்கள். குழுவில் வந்த நூற்றுக்கணக்கான படங்களில் இப்படி ஒன்றுகூட இல்லை. ஏனென்றால் இதற்குப் பொத்தானை அழுத்த வேண்டும்.

4. படம் சாட்சி ஆகும்போது

வெறும் அழகுக்கு எடுத்த படத்தோடு எனக்குச் சண்டை இல்லை. விற்பதற்கு எடுத்த படத்தோடுதான் சண்டை. விற்பனைக்கு வரும் படம் சாட்சிக்கூண்டில் ஏறிய படம்.

நம்மில் ஒருவன் "போக் கிடைத்துவிட்டது" என்று ஒரு மஞ்சள் சீக்கோ படம் போட்டான். இணையத்தில் ஒருவரிடம் படம் பார்த்து வாங்கியது. பெரிதாக்கிப் பார்த்தேன். அசல் டயல் வெளிச்சத்தில் திருப்பினால் மினுங்கும்; இது சுவருக்கு அடித்த பெயின்ட் மாதிரி தட்டையாக இருக்கிறது. சின்ன டயலின் விளிம்பில் பெயின்ட் தேங்கி நிற்கிறது. அடி விளிம்பில் பொடி எழுத்துகள் மசிந்து கிடக்கின்றன. பழைய டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து அச்சிட்டது. உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "மும்பை ஸ்பெஷல்". நம் நாட்டுக்கு இப்படி ஒரு பெயர் தேவையா?

பழைய கடிகாரத்தைச் சரிசெய்து ஓடவைப்பது நல்ல தொழில். பெயின்ட் அடிப்பதும் குற்றமில்லை, "பெயின்ட் அடித்தது" என்று சொல்லி விற்றால். மங்கலான படத்தை ஃபில்டரில் ஏற்றி "ஒரிஜினல் டயல்" என்று எழுதும்போதுதான் அது மோசடி. அந்த மாணவனுக்குப் போன பணம் அவன் ஒரு மாத வீட்டு வாடகை.

"பெரிய இடத்தில் வாங்கினால் ஏமாற மாட்டோம்" என்கிறீர்களா? 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு ஏலம். ஸ்பீட்மாஸ்டரின் முதல் மாடல், காலத்தால் டயல் பழுப்பேறியது. 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது யார்? ஓமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023இல், பல கடிகாரங்களின் உறுப்புகளைக் கோத்துக் கட்டியது அது என்று தெரியவந்தது. தன் முன்னாள் ஊழியர்களுக்கே இதில் தொடர்பு இருந்தது என்று நிறுவனமே சொன்னது. செய்த கம்பெனிக்கே தன் கடிகாரத்தை அடையாளம் தெரியவில்லை. நீங்கள் மொபைலில் ஆறு அங்குலத் திரையில் பார்த்து அடையாளம் காணப்போகிறீர்களா?

ஆனாலும் கொஞ்சம் இயற்பியல் கைகொடுக்கும். 1970களின் சுவிஸ் டயல்கள் பலவற்றில் கீழே, 6க்குப் பக்கத்தில், பெயருக்கு இருபுறமும் "டி" என்ற ஆங்கில எழுத்து இருக்கும். முள்ளில் ஒளிரும் பூச்சு டிரிடியம் என்று அர்த்தம். டிரிடியத்தின் அரை ஆயுட்காலம் 12.3 வருடம். 50 வருடத்தில் நான்கு அரை ஆயுட்காலம் கடந்து 16இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படிப்பட்ட கடிகாரம் விற்பனைப் படத்தில் பச்சையாகப் பளீரென்று இரவு முழுக்க எரிந்தால், பூச்சைப் பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய கடிகாரங்களில் ரேடியம் இருக்கும். அதன் அரை ஆயுட்காலம் 1,600 வருடம். பூச்சு மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. அதைச் சமையல் மேசையில் வைத்துத் திறந்து ஊதாதீர்கள். குழந்தைகள் இருக்கிற வீடு.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் விற்பவரிடம் அழகான படம் கேட்காதீர்கள். இவற்றைக் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், டயல் நேராக ஒன்று. பக்கவாட்டில் ஒன்று. பின் மூடி திறந்து உள் இயந்திரம் ஒன்று. பிறகு இரண்டு நிமிட வீடியோ: மேல் பொத்தானை அழுத்தி ஓடவிட்டு, 60 விநாடி தாண்டும்போது நிமிடக் கணக்கு முள் நகர்வதைக் காட்டி, நிறுத்தி, சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். முள் மிகச் சரியாக 12இல் வந்து நிற்க வேண்டும். இதைத் தர மறுப்பவர் என்ன விலை சொன்னாலும் அது அதிகம்தான்.

5. சீட்டுக் கணக்கு

இனி அந்த 3 லட்சத்துக்கு வருவோம்.

சீட்டு நடத்தும் தம்பி போட்டிருக்கும் உதாரணங்கள் இரண்டு. ஒன்று, 2017இல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போன பால் நியூமனின் ரோலக்ஸ் டேட்டோனா. இரண்டு, 2016இல் ஜெனீவாவில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போன எஃகு பட்டேக் பிலிப் 1518.

முதலாவது, ஒரு நடிகருக்கு மனைவி வாங்கிக் கொடுத்து, பின்மூடியில் "பார்த்து ஓட்டு" என்ற பொருளில் பொறித்துக் கொடுத்தது. அவர் வருடக்கணக்கில் கட்டினார். பிறகு மகளின் நண்பனிடம் கொடுத்துவிட்டார். விலை அந்த மனிதருக்கு. அந்த வகை டயல் வந்த புதிதில் கடைகளில் விலைபோகாமல் கிடந்தது. இரண்டாவது, எஃகில் செய்ததில் உலகத்துக்குத் தெரிந்தது நான்கே நான்கு. நீங்கள் வாங்கப்போவதோ கம்பெனி ஆயிரக்கணக்கில் செய்து ஷோரூமில் அடுக்கியிருக்கிற சரக்கு. லாட்டரியில் பரிசு விழுந்தவரின் படத்தைக் காட்டி லாட்டரிச் சீட்டு விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதே 1960களில் எத்தனையோ கம்பெனிகள் க்ரோனோகிராஃப் செய்தன. பெரும்பாலானவற்றின் பெயர்கூட இன்று இல்லை. 1969இல் தானாகச் சாவி ஏறும் க்ரோனோகிராஃப்கள், ஜெனித்தின் எல் ப்ரிமெரோ, ஹோயர்–பிரைட்லிங் கூட்டணியின் காலிபர் 11, சீக்கோவின் 6139, மூன்றும் அடுத்தடுத்து வந்தன. அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று சீக்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரம் வெளியிட்டது. அடுத்த பதினைந்து வருடத்தில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். கடிகாரம் என்றால் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அவ்வளவு பின்னால் போக வேண்டாம். 2022 தொடக்கத்தில் பழைய கடிகாரச் சந்தை உச்சத்துக்குப் போய், அதன் பிறகு சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் இன்னும் படம்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சீட்டில் கடைசி ஆளுக்கு 20ஆம் மாதம்தான் கடிகாரம் வரும். அதுவரை அவர் கட்டிய பணத்துக்கு வட்டி இல்லை. இதற்கு லோன் வேறு போட்டால் வட்டி அவர் கொடுக்க வேண்டும். அதற்குள் கம்பெனி விலையை ஏற்றினால் மீதியை யார் கட்டுவது என்று அறிவிப்பில் ஒரு வரி இல்லை. இரவு 10 மணிக்கு ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொன்னால் தங்கத்தைக் காட்டி யாரிடமாவது கடன் கேட்கலாம். க்ரோனோகிராஃபைக் காட்டினால் "மணி என்ன?" என்றுதான் கேட்பார்கள். இன்னொன்று: 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி இந்த அளவுச் சீட்டைப் பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது. தம்பி நல்லவன், எனக்குத் தெரியும். நல்லவன் நடத்தினாலும் பதிவு பதிவுதான்.

6. எதிர்பார்க்கும் கேள்விகள்

"மொபைலில் ஸ்டாப்வாட்ச் இருக்கும்போது இதை எதற்கு சார் பயன்படுத்த வேண்டும்?" இது நம் உறவினர்கள் கேட்பது. மொபைல் நூற்றில் ஒரு பங்கு விநாடி காட்டும். ஆனால் அழுத்துகிற உங்கள் விரல், கண்ணில் பட்டு மூளைக்குப் போய் விரலுக்கு வர சுமார் 0.2 விநாடி எடுக்கும். கையால் அழுத்தும்போது கடைசி இலக்கம் வெறும் வேடிக்கை. மணிக்கு 18,000 துடிப்புள்ள க்ரோனோகிராஃபின் மீச்சிற்றளவு ஐந்தில் ஒரு பங்கு விநாடி, அதுவும் 0.2. உங்கள் விரலும் அந்தக் கருவியும் ஒரே அளவு நேர்மை. தேவை என்று சொல்லவில்லை; பொருந்துகிறது என்கிறேன். வைத்திருப்பவன் அதைப் பயன்படுத்தட்டும்.

"எங்கள் சந்தோஷத்தை ஏன் சார் கெடுக்கிறீர்கள்?" சந்தோஷத்துக்கு 3 லட்சம் தேவையில்லை. 1960களில் சீனா ஒரு சுவிஸ் கம்பெனியின் வீனஸ் 175 இயந்திரத்தைச் செய்யும் கருவிகளையே வாங்கி, தன் விமானப்படைக்கு க்ரோனோகிராஃப் செய்தது. அதன் வாரிசான சீகல் இயந்திரம் போட்ட கடிகாரங்கள் சுவிஸ் விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைக்கின்றன. சாவி கொடுத்து ஓட்டுவது, பின்னால் கண்ணாடி வழியே பற்சக்கரங்கள் கோத்துக்கொள்வது தெரியும். அதில் பொத்தானை அழுத்தும்போது வரும் சந்தோஷத்துக்குக் கம்பெனி பெயர் தேவையில்லை.

"அம்மா, அக்கா எல்லாரும் நகை வாங்கி லாக்கரில் வைக்கிறார்களே?" அவர்கள் கல்யாணத்துக்காவது எடுத்துப் போடுகிறார்கள். நீ பெட்டியையே பிரிக்க மாட்டேன் என்கிறாய்.

"சேகரிப்பு என்றால் பாதுகாப்பதுதானே சார்?" ஆமாம். பாதுகாத்த ஒருவரைச் சொல்கிறேன். ஷார்ல் வெர்மோ, சுவிட்சர்லாந்தில் ஜெனித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1975இல் முதலாளிகள் இயந்திரக் கடிகாரங்களை நிறுத்தி, கருவிகளைக் கழித்துவிட உத்தரவிட்டார்கள். அவர் எல் ப்ரிமெரோ செய்யும் அச்சுகளையும் கருவிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்கு என்று எழுதிவைத்து, மாடியில் ஒளித்துவைத்தார். 1984இல் மறுபடி அந்த இயந்திரம் தேவைப்பட்டபோது அந்த மாடிதான் கைகொடுத்தது. பிற்பாடு ரோலக்ஸே தன் டேட்டோனாவுக்கு அந்த இயந்திரத்தை வாங்கியது. வெர்மோ காப்பாற்றியது செய்யும் வழியை. கடிகாரம் தொடர்ந்து ஓட வேண்டும் என்று செய்தார். பிளாஸ்டிக் உறையைக் காப்பாற்றுவதை அதோடு ஒப்பிடாதீர்கள்.

7. நான் கேட்பது

பெயர் கொடுத்த ஏழு பேரும் இந்த மாதத்துக்குள் பெயரை எடுத்துவிடுங்கள். தங்கை மகனுக்கு நான் நேரிலும் சொல்லிவிட்டேன். மாமா எல்லார் முன்னாடியும் எழுதிவிட்டாரே என்று கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் சேர்க்க வேண்டுமானால் அஞ்சலகம் இருக்கிறது, வங்கி இருக்கிறது. அங்கே போங்கள். கடிகாரம் பிடிக்குமானால் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, திரும்ப வராத பணம் என்று தெரிந்தே வாங்குங்கள், கட்டுங்கள்.

சீட்டு நடத்தும் தம்பிக்கு: உனக்குக் கடிகாரத்தில் உண்மையான ஆசை இருக்கிறது. ஆசையைப் பிறர் கடனில் ஏற்றாதே. குழுவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கூட்டு. அவரவர் கடிகாரத்தைக் கொண்டுவரட்டும், திறந்து பார்க்கத் தெரிந்த ரிப்பேர்காரர் ஒருவரை அழைத்து, அவருக்கு நாள் கூலி கொடுப்போம். என் பங்கை நான் முதலில் தருகிறேன்.

ஏற்கெனவே க்ரோனோகிராஃப் வைத்திருக்கும் எல்லாருக்கும் வீட்டுப்பாடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று அளவு எடுங்கள். ஒன்று, வீட்டில் வயதானவர் ஒருவரின் நாடி; 30 துடிப்புக்கு எத்தனை விநாடி என்று. இரண்டு, ஒரு கிலோமீட்டர் பயண நேரம். வண்டியை நீங்கள் ஓட்டக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து எடுக்க வேண்டும். மூன்று, ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு 20 அலைவு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யுங்கள். முள் நின்ற இடத்தில் ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து, அளவையும் எழுதிப் போடுங்கள். மணி 10:10 என்று காட்டும் படத்துக்கு மதிப்பெண் இல்லை.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்